துத்தநாகக் கட்டி முன்பு நான்கு மாதம் வந்தது, இப்போது ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. எங்கே தவறு?

ஈருயிர்ப்படகு:

வணக்கம் நண்பர்களே. நானும் என் மனைவியும் பதினொரு மாதமாகப் படகிலேயே குடியிருக்கிறோம். 34 அடி ஃபைபர் பாய்ப்படகு. உள்ளே டீசல் என்ஜின், எஃகுத் தண்டு, வெண்கல ப்ரொப்பல்லர். கரையை ஒட்டியே போவோம், பிடித்த இடத்தில் நங்கூரம் போடுவோம், காற்று சரியில்லை என்றால் அங்கேயே இருந்துவிடுவோம். இந்த வருடத்தில் பாதியைக் கடலில் கழித்தோம், மீதியை என்ஜின் அறைக்குள் தலையை விட்டுக் கழித்தோம் என்று மனைவி சொல்கிறாள். கணக்கு ஏறக்குறைய சரிதான்.

பிரச்சினைக்கு வருகிறேன். தண்டைக் கவ்விக்கொள்ளுமே, இரண்டு பாதியாக வரும் துத்தநாகக் கட்டி, தண்டும் ப்ரொப்பல்லரும் அரிக்காமல் இருக்கத் தான் கரைந்து அவற்றைக் காப்பாற்றுவது, அதில் முதலாவது நான்கு மாதம் வந்தது. பாதி கரைந்ததும் மாற்றினேன். இரண்டாவதும் அதே கதை. மூன்றாவது ஏழு வாரத்தில் முடிந்தது. நான்காவதைப் பார்க்க நேற்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இன்னும் ஆறு வாரம் ஆகவில்லை. இரண்டு போல்ட், நடுவில் கரையான் அரித்த பலகை மாதிரி ஒரு துண்டு, அவ்வளவுதான் மிச்சம்.

அப்புறம், ப்ரொப்பல்லரின் விளிம்பைக் கத்தியால் லேசாகச் சுரண்டினேன். மஞ்சளாக மின்ன வேண்டிய இடம் இளஞ்சிவப்பாக இருந்தது. காரணம் தெரியாவிட்டாலும் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது.

வேறு கம்பெனிக் கட்டி போட்டுப் பார்த்தேன், வித்தியாசம் இல்லை. படகுக்குள் வயர்களைக் கண்ணால் பார்த்தவரை எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

கீழ்க்காற்று:

முதலில் எளிய சந்தேகம். கடைசியாகப் போட்டது துத்தநாகம்தானா? நன்னீருக்கான மக்னீசியம் கட்டி அச்சு அசலாக இதே வடிவத்தில் வரும். உப்புத் தண்ணீரில் போட்டால் சில வாரத்தில் கரைந்துவிடும். கையில் எடுத்தாலே தெரியும், துத்தநாகத்தின் எடையில் கால்வாசிதான் இருக்கும்.

ஈருயிர்ப்படகு:

துத்தநாகம்தான் சார். மாற்றும்போது கை தவறிக் காலில் போட்டுக்கொண்டேன். எடையில் சந்தேகமே இல்லை.

பழையநங்கூரம்:

இளஞ்சிவப்பு நல்ல சேதி இல்லை சார். வெண்கலம் என்று பேர் சொன்னாலும் பெரும்பாலான ப்ரொப்பல்லர்களில் கிட்டத்தட்ட 40 சதவீதம் துத்தநாகம் கலந்திருக்கும். கட்டி தீர்ந்துபோனால் உப்புத் தண்ணீர் ப்ரொப்பல்லருக்குள் இருக்கும் துத்தநாகத்தைத் தின்ன ஆரம்பிக்கும். மிஞ்சுவது பஞ்சு மாதிரி செம்பு, அதுதான் அந்த நிறம். சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு இதழையும் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். மணி மாதிரி கணீரென்றால் உயிர் இருக்கிறது. தொப்பென்று செத்த சத்தம் வந்தால் அந்த ப்ரொப்பல்லரை நம்பி நீண்ட ஓட்டம் போக வேண்டாம்.

காரணம் ப்ரொப்பல்லரில் இல்லை. கட்டி திடீரென்று வேகமாகக் கரைகிறது என்றால் அது வேறு எதற்கோ சேர்த்து உழைக்கிறது. மூன்றாவது கட்டி போட்ட சமயத்தில் உங்கள் பழக்கத்தில் என்ன மாறியது? அதை யோசியுங்கள்.

ஈருயிர்ப்படகு:

நான் யோசித்தேன், எதுவும் தோன்றவில்லை. மனைவியிடம் கேட்டேன். அவள் தினமும் ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். எங்கே படுத்தோம், எத்தனை அடி ஆழம், என்ஜின் எத்தனை மணி நேரம், எந்த போல்ட் தொலைந்தது என்பதுவரை. பத்து நிமிடம் பக்கம் புரட்டிவிட்டு நோட்டை என் முன்னால் வைத்தாள். முதல் எட்டு மாதமும் நங்கூரத்தில் இருந்தோம், மின்சாரம் முழுக்க சோலார் பலகையிலிருந்து. மழைக்காலம் தொடங்கியதும் ஒரு படகுத்துறைக்குள் வந்து கட்டினோம். அன்றிலிருந்து கரை மின்சாரம், இரவும் பகலும் பிளக் மாட்டியபடியே. மூன்றாவது கட்டி போட்டது அதற்கு நான்கு நாள் கழித்து.

பழையநங்கூரம்:

நோட்டு எழுதுபவருக்கு என் வணக்கம். பாதி வேலை முடிந்தது.

கரை மின்சாரக் கேபிளில் ஒரு எர்த் வயர் வருகிறது. அது உங்கள் என்ஜினையும் தண்டையும் துறையில் பிளக் மாட்டிய மற்ற எல்லாப் படகோடும் இணைத்துவிடும். உலோகத்துக்கு உலோகம் வயர், நடுவில் உப்புத் தண்ணீர். இதற்குப் பெயர் பேட்டரி. பக்கத்துப் படகில் அலுமினிய அவுட்டிரைவ் (படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் தொங்கும் ப்ரொப்பல்லர் பகுதி) இருந்து, அதன் கட்டிகளும் தீர்ந்துபோயிருந்தால், உங்கள் துத்தநாகம்தான் அதையும் காப்பாற்றும். அடுத்த வீட்டு அடுப்புக்கும் சேர்த்து விறகு வெட்டுகிறீர்கள்.

சோதிக்க வெள்ளி குளோரைடு மின்முனை ஒன்று வாங்குங்கள். அதைப் படகோரம் தண்ணீரில் தொங்கவிட்டு மல்டிமீட்டரின் ஒரு முனையில் மாட்டுங்கள், மறுமுனையை என்ஜின் உடம்பில் வையுங்கள். பிளக் இல்லாமல் ஒரு அளவு, மாட்டி ஒரு அளவு. தனித் துத்தநாகம் கடல்நீரில் சுமார் −1030 மில்லிவோல்ட் காட்டும், வெறும் வெண்கலம் −300 பக்கம். உங்கள் படகு இடையில் எங்கோ நிற்கும். பிளக் மாட்டியதும் எண் வெண்கலத்தின் பக்கம் நகர்ந்தால் கசிவு கரை வழியாகத்தான். நகரவில்லை என்றால் உள்ளே உங்கள் சொந்த பேட்டரி வயர் ஏதோ ஈரத்தில் கிடக்கிறது. படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப்பின் இணைப்பை முதலில் சந்தேகப்படுங்கள், சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்து எண் மாறுகிறதா என்று பாருங்கள்.

அலைபாயும்:

எதற்கு இவ்வளவு? கரை கேபிளில் எர்த் வயரை மட்டும் வெட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன், கட்டி வருடக் கணக்கில் வருகிறது.

மின்கம்பி:

தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். எர்த் இல்லாத படகில் ஹீட்டரோ சார்ஜரோ பழுதானால் மின்சாரம் போக ஒரே வழி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் ஆள் இருந்தால் கைகால் விறைத்து, கத்தக்கூட முடியாமல் மூழ்கிவிடுவார். நன்னீரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

சரியான தீர்வு கால்வனிக் ஐசொலேட்டர். எர்த் வயரில் தொடராக மாட்டுவது. உள்ளே டயோடுகள் இருக்கும், ஒரு வோல்ட் சொச்சம்வரை உள்ள சின்ன அழுத்தத்தைத் தடுக்கும். உண்மையான பழுது வந்தால் முழு மின்னோட்டத்தையும் விட்டுவிடும். காசும் எடையும் பிரச்சினை இல்லை என்றால் கரையோடு வயர் தொடர்பே இல்லாமல் மின்சாரம் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் மேல்.

ஈருயிர்ப்படகு சார், இன்னொன்று. நேற்று கட்டி பார்க்க இறங்கினீர்களே, பிளக்கைக் கழற்றிவிட்டா இறங்கினீர்கள்?

ஈருயிர்ப்படகு:

இல்லை. இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஈருயிர்ப்படகு:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். புதுக் கட்டி போட்டாயிற்று (பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான்). கரையிலிருந்து வருவதை எல்லாம் கழற்றினால் −910, மாட்டினால் −740. சந்தேகமே இல்லாமல் கரைதான். ஐசொலேட்டர் வாங்கி, கரை மின்சாரம் படகுக்குள் நுழையும் இடத்திலேயே மாட்டினேன். பிறகு அளந்தால் −755. ஏறக்குறைய ஒன்றும் மாறவில்லை. ஐசொலேட்டரே பழுதா?

மின்கம்பி:

அவசரப்படாதீர்கள். எர்த் உள்ளே வர இரண்டாவது பாதை இருந்தால் ஐசொலேட்டர் சும்மா வேடிக்கை பார்க்கும். டிவி கேபிள்? துறையோடு இரும்புச் சங்கிலி? தனியாக இழுத்த எக்ஸ்டென்ஷன் ஒயர்?

ஈருயிர்ப்படகு:

இது அவர் இல்லை, நான். நோட்டு எழுதுபவள்.

எக்ஸ்டென்ஷன்தான். மழை வந்ததும் பேட்டரி சார்ஜருக்கு என்று துறைக் கம்பத்திலிருந்து நேராக ஒரு ஒயரை ஜன்னல் வழியாக இழுத்து வைத்திருந்தார். "ரெண்டு நாளைக்கு" என்று. நோட்டில் தேதி இருக்கிறது, மூன்று மாதம் ஆகிறது. சார்ஜரின் உடம்பிலிருந்து ஒரு பச்சை வயர் என்ஜினுக்குப் போகிறது. அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு நானே மீட்டரைப் பிடித்தேன். −905. திரும்ப மாட்டினேன், −755. மூன்று முறை செய்து பார்த்தேன். சார்ஜரை இப்போது படகின் உள் பிளக்கிற்கே மாற்றியாயிற்று.

ப்ரொப்பல்லரையும் தட்டிப் பார்த்தோம். இரண்டு இதழ் கணீரென்கிறது, ஒன்று கொஞ்சம் மந்தம். அடுத்த முறை படகைக் கரையேற்றும்போது கழற்றிக் காட்டுவோம். அதுவரை என்ஜினை மெதுவாகத்தான் ஓட்டுவது என்று முடிவு.

ஒரு கேள்வி மிச்சம். படகின் அடியில் போல்ட் போட்ட இன்னொரு துத்தநாகக் கட்டி இருக்கிறது. அது பதினொரு மாதமாகப் புத்தம் புதிதாகவே இருக்கிறது. நல்லதுதானே?

பழையநங்கூரம்:

இல்லை அம்மா. கரையாத கட்டி வேலை செய்யாத கட்டி. அதன் போல்ட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவில் மீட்டரை ஓம்ஸில் வைத்துப் பாருங்கள், ஒரு ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். உள்ளே வயர் முனை பச்சை பிடித்திருக்கும், இல்லை கட்டிமேல் யாராவது பெயிண்ட் அடித்திருப்பார்கள். இத்தனை நாள் தண்டுக் கட்டி தனியாளாக மாரடித்தது அதனாலும்தான்.

ஈருயிர்ப்படகு:

வயர் முனைதான். கையில் எடுத்ததும் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. பக்கத்துப் படகுக்காரரிடமும் சொன்னோம், அவுட்டிரைவில் கட்டி என்று ஒன்று உண்டு என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. நாளை இவரும் அவரும் சேர்ந்து மாட்டப் போகிறார்கள். இரண்டு பிளக்கையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.