புதுப்பிப்பு: எம்மாவு நடை விளையாடிவிட்டோம்

லூக்கா 24-ல், உயிர்த்தெழுந்த இயேசு எம்மாவு ஊருக்குப் போகும் இரண்டு சீடர்களோடு அந்நியரைப் போல நடந்து, ரொட்டியைப் பிட்கும்போதுதான் அடையாளம் தெரிகிறார். அந்தக் கதையை வாலிபர் கூட்டத்தில் வேஷமேற்று விளையாடலாமா, இயேசுவாக யாரை விடுவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஈஸ்டர் திங்கள் மாலை விளையாடிவிட்டோம்.

வசனம் எழுதிக் கொடுக்கவில்லை. ஆளுக்கொரு சீட்டு, அதில் ஒரு பயம், ஒரு கேள்வி. எருசலேமிலிருந்து எம்மாவு அறுபது ஸ்தாதி, சுமார் 11 கிலோமீட்டர். நாங்கள் குளக்கரை வரைதான் நடந்தோம். அந்த இரண்டு சீடர்களில் ஒருவர் கிலெயோப்பா; அவருடைய கூட்டாளிக்கு வேதத்தில் பெயரே இல்லை. அந்த வேஷத்துக்குத்தான் போட்டி!

வழியில் சேர்ந்துகொண்ட அந்நியராக, அதாவது இயேசுவாக, வந்தவர் எங்கள் கோயில்குட்டி (ஆலயப் பணியாளர்) அண்ணன். "என்னப்பா, முகமெல்லாம் வாடிக் கிடக்கு?" என்று மட்டும்தான் கேட்டார். பிள்ளைகள் சீட்டில் இல்லாததையெல்லாம் கொட்டினார்கள். கடைசியில் அவர் ரொட்டியைப் பிட்டதும், அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பத்தாம் வகுப்புப் பையன் நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டான்.

சீட்டு கேட்ட அக்காவுக்கு இன்று இரவு படமெடுத்து அனுப்புகிறேன்.