விறகு போனாலும் புகைக்கூண்டு வேண்டும்: ஒரு திருவல்லிக்கேணி அனுபவம்

திருவல்லிக்கேணியில் என் அத்தை குடியிருப்பது, இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டப்பட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. பின்கட்டுச் சமையலறைக்குச் சன்னல் கிடையாது. கிணற்றடிப் பக்கம் திறக்கும் ஒரு கதவும் கூரையில் ஒரு புகைக்கூண்டும் மட்டுமே உண்டு. கல்யாணம், சீமந்தம் போன்ற விசேஷங்களுக்குப் பட்சணம் செய்து கொடுக்கும் அவர், புகையால் இருமல் அதிகமானதால் விறகு அடுப்பை எடுத்துவிட்டு, பெரிய பர்னர் உள்ள கேஸ் அடுப்புக்கு மாறினார். வியாபாரத்துக்கு வீட்டுச் சிலிண்டரைப் பயன்படுத்தக் கூடாது என்பதால் 19 கிலோ சிலிண்டருக்கே இணைப்பு வாங்கினோம்.

மேடை கட்ட வந்த கொத்தனார், "இனிமே புகையே கிடையாதேம்மா, கூண்ட அடைச்சு மேல தளம் போட்டுடறேன், மழைத்தண்ணியும் இறங்காது" என்றார். அத்தையும், "அடைச்சுடுப்பா, புறாத் தொல்லையாவது ஒழியட்டும்" என்று சொல்லிவிட்டார். நான் குறுக்கிட்டுத் தடுத்தேன். தடுத்ததற்கான காரணத்தை அவர்கள் இருவருக்கும் புரியவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

விறகுப் புகை கண்ணைக் கரிக்கும். யாரும் சொல்லாமலேயே கதவைத் திறந்துவிடுவோம். கேஸில் அந்த எச்சரிக்கை இல்லை. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக மெர்காப்டன் என்ற வாடைப்பொருளைக் கலக்கிறார்களே தவிர, எரிந்த பின் வெளிவருவதற்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. ஒரு கிலோ கேஸ் முழுமையாக எரியச் சுமார் 12 கன மீட்டர் காற்று வேண்டும்; எரிந்து முடியும்போது அது ஏறத்தாழ 3 கிலோ கரியமில வாயுவையும் ஒன்றரைக் கிலோவுக்கும் அதிகமான நீராவியையும் அறையில் விட்டுவிடும். காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலுவோடு பற்றிக்கொள்ளும் அந்த வாயுதான், சாத்திய குளியலறைக்குள் கேஸ் கீசரைப் பொருத்தியவர்களை மயக்கமடைந்து விழச் செய்வது.

கூண்டு தப்பியது, ஆனால் அடுத்த சிக்கல் எலெக்ட்ரீஷியன் வழியாக வந்தது. கதவுக்கு மேலே அவர் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்திவிட்டுப் போனார். அதைப் போட்டுவிட்டு, பூனை வராமலிருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு அத்தை முறுக்குச் சுட்டார். நீலமாக இருக்க வேண்டிய தீயின் நுனி மஞ்சளாக ஆடியது. வாணலியின் அடியில் விறகு அடுப்பில் படிவதைப் போலவே கரி படிந்தது. சுவரின் மேற்பகுதியில் நீர் முத்து முத்தாகக் கோத்துச் சுண்ணாம்பு உரிந்தது. அன்றைய தலைவலியை அத்தை எண்ணெய்க் காந்தலின் கணக்கில் எழுதிவிட்டார்.

ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கூண்டின் கீழே பிடித்துப் பார்த்தபோது, புகை மேலே ஏறாமல் வளைந்து எங்கள் முகத்துக்கே வந்தது. கதவு சாத்தியிருந்ததால் ஃபேன் தனக்கு வேண்டிய காற்றைக் கூண்டின் வழியாகவே கீழே இழுத்துக்கொண்டிருந்தது. அதாவது, சூடான வாயு வெளியேற வேண்டிய வழி எதிர்த்திசையில் இயங்கிக்கொண்டிருந்தது. ஃபேனை நிறுத்திக் கதவைத் திறந்ததும் காலையில் புகை நேராக ஏறியது. பிற்பகலில் கடற்காற்று தொடங்கியபோது மறுபடியும் தடுமாறியது. மேற்குப் பக்கத்து வீட்டார் புதிதாக எழுப்பிய மாடிச் சுவரில் மோதும் காற்று, அதைவிடத் தாழ்வாக இருந்த எங்கள் கூண்டுக்குள் இறங்கியதே காரணம்.

கூண்டின் மேல் இரும்புத் தகட்டுக் குழாய் ஒன்றை அந்தச் சுவரைவிட உயரமாக நிறுத்தி, தலையில் மழைத் தொப்பி வைத்தோம். சுற்றிலும் கட்டிய கம்பி வலை புறாவுக்கும் பதில் சொல்லிவிட்டது. கதவின் அடிப்பகுதியில் பலகையை அறுத்துக் கம்பிச் சட்டம் பொருத்தினோம். உள்ளே வரும் காற்றுக்கு அது வழி. காற்றைவிடக் கனமான கேஸ் கசிந்தால் தரையோடு தவழ்ந்து வெளியேறவும் அதுவே வழி. ஃபேனைக் கழற்றிக் கூடத்துக்கு மாற்றினோம், எலெக்ட்ரீஷியனுக்கு அதில் வருத்தம்தான். சிலிண்டர் கிணற்றடியில், கூரைக்குக் கீழே நிமிர்ந்து நிற்கிறது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாரல் அடிக்கும் நாள்களில், கம்பிச் சட்டத்தின் மேல் அத்தை சாக்கைப் போட்டு மூடிவிடுகிறார். அந்த நாள்களில் அடுப்பில் ஒரு பர்னருக்கு மேல் எரிக்கக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறோம். தீபாவளி ஆர்டர்கள் குவியும்போதுதான் அதில் தகராறு வருகிறது.