பிள்ளை பிடிக்கிறவன் வந்த மே மாதம்

ஆசிரியை, ஆரணி பக்கம்:

2018 மே மாதத்தை எங்கள் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளி லீவு, பிள்ளைகள் எல்லாம் தெருவில். வாட்ஸப்பைத் திறந்தாலே வாய்ஸ் மெசேஜ்: வடக்கேயிருந்து கும்பல் இறங்கியிருக்கிறது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய் கிட்னி எடுக்கிறார்கள். கூடவே ஒரு வீடியோ. பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையை அள்ளிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு விழிப்புணர்வு வாசகம் எழுதிய அட்டையைக் காட்டும் பகுதியை யாரோ வெட்டிவிட்டு அனுப்பியிருந்தார்கள்.

அந்த வாரம் எங்கள் தெருவில் ஒரு பொம்மைக்காரர் மாட்டினார். இந்திக்காரர், தமிழ் அரைகுறை. சைக்கிள் சாவியைப் பிடுங்கி, மூட்டையைத் தெருவில் கொட்டினார்கள். விசில், பலூன், பிளாஸ்டிக் கண்ணாடி. “சின்னப் பசங்க சாமானெல்லாம் உனக்கு எதுக்குடா?” என்று ஒரு பையன் கேட்கிறான். பொம்மை விற்கிறவரிடம் வேறு என்னதான் இருக்கும்? அவர் நடுங்கிக்கொண்டே ஆதார் அட்டையைத் தேடுகிறார். நான் 100-க்கு போன் போட்டேன். போலீஸ் வருவதற்குள் காப்பாற்றியது எதிர்வீட்டுப் பாட்டிதான். “அடப்பாவிங்களா, இவன் வருஷா வருஷம் ஆடி மாசம் கோயிலுக்குக் கடை போட வர்றவன்டா” என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் நான் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: “நம்ம ஊர்ல எந்தப் பிள்ளை காணாமப் போச்சு?” “இங்க இல்ல டீச்சர், போளூர் பக்கமாம்.” போளூரில் இருக்கும் என் நாத்தனாரிடம் கேட்டால், “இங்க இல்ல அண்ணி, ஆரணி பக்கம்னு சொல்றாங்க.”

போளூர் அருகே அத்திமூரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். மே 9 அன்று சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம் அது. வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்து, அந்தக் குடும்பத்தின் 65 வயது அம்மாவை ஊர்க்காரர்கள் அடித்தே கொன்றுவிட்டார்கள். அதே நாளில் பழவேற்காட்டில் இன்னொருவரைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். நடக்காத கடத்தலுக்காக நடந்த கொலைகள் இவை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

ஓய்வுபெற்ற போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர்:

டீச்சரம்மா எழுதியதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது. “புரளி என்கிறீர்கள், ஆனால் கணக்குப்படி கடத்தல் கேஸ் கூடிக்கொண்டே போகிறதே” என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கணக்கை ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதியவன் நான். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. குழந்தை காணவில்லை என்று யார் வந்தாலும் கடத்தலாகவே எடுத்துக்கொண்டு எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். நல்ல உத்தரவு. அதற்கு முன்னால் வழக்கு போடாமல், புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கிழித்துக் கொடுத்து அனுப்பிவிடுவது சகஜம். ஆனால் அப்போதிலிருந்து, மார்க் குறைந்ததற்குப் பயந்து பஸ் ஏறிப் போன பையனும் கடத்தல் கணக்கில்தான் வருவான்.

கடத்தலுக்கான இ.பி.கோ. 363-வது பிரிவில் நான் எழுதிய கேஸ்களில் பெரும்பாலானவை பதினாறு, பதினேழு வயதுப் பெண், பிடித்த பையனோடு போனது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். “சார், கடத்தல்னே போடுங்க, ஓடிப் போச்சுன்னு எழுதாதீங்க” என்பார். 18 வயது ஆகாததால் சட்டப்படியும் அது கடத்தல்தான். இதெல்லாம் கூடி டெல்லிக்குப் போய், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் (என்.சி.ஆர்.பி.) அறிக்கையாக வந்து, டிவியில் ‘குழந்தைக் கடத்தல் அதிகரிப்பு’ என்று ஓடும். பார்க்கிறவர்கள் மனதில் வருவது மூட்டை தூக்கிய வடக்கத்திக்காரன்.

கொலைக் கணக்கையும் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் நாடு முழுக்க ஆண்டுக்கு 40,000-ஐ ஒட்டி இருந்தது. 2022-ல் 28,522. இத்தனைக்கும் மக்கள்தொகை எவ்வளவு கூடியிருக்கிறது! அதே 2022-ல் சாலை விபத்தில் செத்தவர்கள் 1.68 லட்சம். ஹெல்மெட் போடாமல் பிள்ளையை டேங்க் மேல் உட்காரவைத்துக்கொண்டு வருகிறவரே, ‘காலம் கெட்டுப் போச்சு சார்’ என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

எனக்கு உண்மையில் பயம் வேறு இடத்தில். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்குப் போடும் போக்சோ வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் செய்தவன் குழந்தைக்குத் தெரிந்தவன். சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், சொல்லிக்கொடுக்கிறவன். அந்த அம்மாக்கள் ஸ்டேஷன் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்லாமல் போன புகார்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இரண்டு பிள்ளைகளின் அம்மா, வேலூர்:

ரைட்டர் ஐயா, கடைசியில் நீங்கள் எழுதியதைப் படித்து ராத்திரி தூக்கமே வரவில்லை. தெரியாதவர் கொடுத்தால் வாங்காதே என்று மட்டும்தான் இதுவரை சொல்லி வளர்த்தேன். நேற்று பெரியவளை உட்காரவைத்து, மாமாவோ தாத்தாவோ யாராக இருந்தாலும் பிடிக்காத மாதிரி தொட்டால் உடனே அம்மாவிடம் சொல், நான் திட்ட மாட்டேன் என்றேன். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் மனப்பாடம் செய்யவைத்தேன். சின்னவனுக்கு நான்கு வயது. அவனுக்கு இதை எந்த வார்த்தையில் சொல்வது? சொல்லிக்கொடுத்தவர்கள் யாராவது எழுதுங்களேன்.