டைமர் காலை வாரிய கதைகள்: பல்லி, ஆமை, பாம்பு டேங்க் லைட்டுக்கு எதை நம்பலாம்?

நள்ளிரவு ஓணான்

சனிக்கிழமை அதிகாலை 2.12. பியர்டட் டிராகன் (ஓணான் வகை) டேங்க்ல பாஸ்கிங் லைட், அதாவது அது சூடு காயுற லைட், பளீர்னு எரியுது, முள் டைமரோ (கடிகாரம் மாதிரிச் சுத்துற டைமர்) காலை 7ன்னு காட்டுது. ஞாயித்துக்கிழமை சரியா 7 மணிக்கு எரிஞ்சது, "தானா சரியாயிடுச்சு"ன்னு விட்டாச்சு. திங்கள் 11.48க்கு எரிஞ்சது, செவ்வாய் 4.36க்கு, அதுவும் சாயங்காலம்!

டைமர்ல பழுதே இல்லை. சவூதியிலிருந்து வந்த டைமர் அது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 அலை), இங்கே 50. முள் டைமர் மோட்டார் அந்த ஹெர்ட்ஸை எண்ணித்தான் ஓடும். அதனால இங்கே அதுக்கு ஒரு நாள்னா 28 மணி 48 நிமிஷம், 12 மணி நேரப் பகல் 14 மணி 24 நிமிஷம். 6 நாளைக்கு ஒருமுறை தானா சரியான நேரத்துல வந்து நிக்கும், நம்மை ஏமாத்துறதே அதுதான். பின்னாடி லேபிள்ல 50 ஹெர்ட்ஸ்னு இல்லாத முள் டைமரைத் தொடாதீங்க. உங்க பக்கம் எது காலை வாரிச்சுன்னு கீழே உங்க பேரைப் போட்டு எழுதுங்க.

ஃபேஸ் நியூட்ரல்

60 ஹெர்ட்ஸ் கேஸ் லட்சத்துல ஒண்ணு. தமிழ்நாட்டுல முள் டைமரைக் கெடுக்கிறது மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9லிருந்து 2 வரைக்கும் கரண்ட் இல்லைன்னா, அந்த 5 மணி நேரமும் முள் அப்படியே நிக்கும். மறுநாள்லேர்ந்து 7 மணி லைட் பகல் 12க்கு எரிஞ்சு ராத்திரி 12க்கு அணையும். ராத்திரி 11.30க்கு ஸ்லைடர் ஆமை கல்மேல ஏறிக் காலை நீட்டிக்கிட்டு வெயில் காயுது, வீட்டுக்காரங்க அதை "சுறுசுறுப்பா இருக்கு"ன்னு வீடியோ எடுக்கிறாங்க.

முள் டைமர்தான் வேணும்னா வட்டத்தைச் சுத்தி 96 பல் (நேரம் வைக்கிற முனை) உள்ளதை எடுங்க, ஒரு பல் 15 நிமிஷம். 48 பல் டைமர்ல ஒரு பல் அரை மணி. கரண்ட் வந்த கையோட முள்ளைக் கடிகாரம் சுத்துற திசையிலேயே திருப்பணும், பின்னாடி திருப்பினா உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் போயிடும்.

கெக்கோ_கோவை

மேலே சொன்னவர் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் எழுந்து முள் திருப்புவாரா? உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்கினா கரண்ட் போனாலும் கடிகாரம் ஓடும். ஆனா அதுலயும் ஒரு கண்ணி. டேங்க் சுத்தம் பண்ண காலை 10 மணிக்கு லைட்டைக் கையால ஆஃப் பண்ணி, முடிஞ்சதும் ஆட்டோவுக்குத் தள்ளியாச்சு. அன்னிக்கு முழுக்க லைட் எரியலை. ஆஃப்லேருந்து ஆட்டோவுக்குப் போனா, அடுத்த "ஆன்" நேரம் வர்ற வரைக்கும் அது ஆஃப்லயே நிக்கும். அடுத்த ஆன் மறுநாள் காலை 7. அதனால பகல்ல ஆட்டோவுக்குத் திரும்புறதா இருந்தா ஆன் வழியா வாங்க.

டி5 பைத்தியம்

எங்க டேங்க் டைமர்ல ராத்திரி 8க்கு "டிக்" கேட்டது, லைட் அணையலை. ஸ்க்ரூடிரைவர் பிடியால டைமரை ஒரு தட்டு தட்டினதும் அணைஞ்சது. ரிலே (டைமருக்குள்ள இருக்கிற சுவிட்ச்) காண்டாக்ட், அதாவது அதோட உலோக முனை, ஒட்டிக்கிச்சு.

டைமர்ல 16 ஆம்பியர்னு போட்டிருக்கு. 100 வாட் ஹாலஜன், 39 வாட் டி5 (ஒல்லியான டியூப் லைட்) யூவி டியூப், 30 வாட் எல்ஈடி பேனல், எல்லாம் சேர்த்தா 230 வோல்ட்ல முக்கால் ஆம்பியர்கூட வராது. பின்னே ஏன் ஒட்டிச்சு? அந்த 16 ஹீட்டர் மாதிரி லோடுக்குச் சொன்ன கணக்கு. லேபிள்ல 16(2)ன்னு இருந்தா, அடைப்புக்குள்ள இருக்கிற 2தான் மோட்டார் மாதிரி சுருள் வகை லோடுக்கு. எல்ஈடி டிரைவரும் டி5 பேலஸ்ட்டும் (லைட்டுக்குக் கரண்ட்டைச் சீராக்கிக் கொடுக்கிற பெட்டிங்க) எரியத் தொடங்குற அந்தக் கண்சிமிட்டல்ல உள்ளே இருக்கிற கெபாசிட்டரை நிரப்ப, ஓடும்போது எடுக்கிறதைவிடப் பல மடங்கு கரண்ட்டை இழுக்கும். ஹாலஜன் இழையும் குளிர்ந்திருக்கும்போது 10 மடங்குக்கு மேல இழுக்கும். மூணும் ஒரே காண்டாக்ட்ல ஒரே நொடியில அடிச்சா பொறி பறந்து உலோகம் உருகும். தினம் ஒருமுறை இப்படி அடி வாங்கினா என்னிக்காவது ஒட்டிக்கும்.

யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். ஹாலஜனுக்கு ஒரு டைமர், யூவி டியூப்பும் எல்ஈடியும் இன்னொண்ணுல. ரெண்டுக்கும் 15 நிமிஷ இடைவெளி விடுங்க, வெளிச்சம் முதல்ல, சூடு பிறகு. பத்து டேங்க் வச்சிருக்கிறவங்க டைமரை நேரா லைட்டோட இணைக்காம ஒரு கான்டாக்டர் (பெரிய கரண்ட் தாங்குற மின்காந்தச் சுவிட்ச்) போடுங்க. டைமர் அதோட சுருளுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கும், லைட் கரண்ட் கான்டாக்டர் வழியா போகும். ஏசி-1 ரேட்டிங்கை (ஹீட்டர் மாதிரி லோடுக்கானது) மட்டும் பார்த்து வாங்கிடாதீங்க, லைட்டுக்கு ஏசி-5. சூட்டு லைட்டுக்கு டைமர் மட்டும் போதாது, சூட்டை அளந்து கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட் கட்டாயம். வரிசை: சாக்கெட், டைமர், தெர்மோஸ்டாட், லைட். டிம்மிங் தெர்மோஸ்டாட்டுக்கு (லைட்டைக் கூட்டிக்குறைக்கிற வகை) பின்னாடி டைமரைச் செருகினா, வெட்டிவெட்டி வர்ற கரண்ட்ல டைமரோட கடிகாரமே தடுமாறும். ராத்திரி செராமிக் ஹீட்டர் (வெளிச்சம் இல்லாமச் சூடு மட்டும் தர்றது) இருந்தா அதுக்கு டைமரே வேண்டாம், தனித் தெர்மோஸ்டாட்ல விட்டுடுங்க. டைமரைத் தண்ணி மட்டத்தைவிட உயரமான இடத்துல வைங்க, ஒயர் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கணும். ஒயர் வழியா வர்ற தண்ணி அங்கேயே சொட்டிடும்.

யாழ்_பல்லி

டி5 தம்பி, ரெண்டு ரைமர் எண்டு சொல்லுறியள், அதில வேற வில்லங்கம் கிடக்கு. இஞ்ச லண்டனில ஒக்ரோபர் கடைசி ஞாயிறு நேரம் ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகும். சூட்டு லைற் ஸ்மாட் பிளக்கில, அது தானா மாத்திப்போட்டுது. யூவி லைற் டிஜிற்றல் ரைமரில, அது மாத்தேல்லை. யூவி புது நேரப்படி 6க்கு எரியுது, சூடு 7க்குத்தான் வருது. பியர்டி (பியர்டட் டிராகன்) குளிர்ந்த கல்லில ஒரு மணித்தியாலம் விறைச்சுப்போய்க் கிடக்குது.

ஊர் நேரம் மாறுறது பல்லிக்கு எதுக்கு? ரெண்டையும் வருசம் முழுக்க குளிர்கால நேரத்திலேயே விடுங்கோ. கோடையில 14 மணித்தியாலம், குளிரில 10 எண்டு குறைக்கிறதெண்டால் கிழமைக்கு 15 நிமிசம் குறையுங்கோ, 16 கிழமையில வந்திடும்.

கெக்கோ_கோவை

சென்னை, கோவைப் பக்கம் இயற்கைப் பகல் வருஷம் முழுக்கச் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் கூடிக்குறையும். இங்கே அந்த 16 வாரக் கணக்கை எல்லாருக்கும் போடாதீங்க. லெப்பர்ட் கெக்கோவுக்கு (ஒரு வகைப் பல்லி) 12 மணி நேரமே போதும்.

வைஃபை பாம்பு

ஸ்மார்ட் பிளக்னு பேச்சு வந்ததால. சாயங்காலம் 6க்குக் கரண்ட் போய் 9க்கு வந்தது, ஆனா ஃபைபர் இணைப்பு வரலை. நிறைய மலிவு பிளக்ல சொந்தக் கடிகாரம் கிடையாது, நேரத்தை நெட்லேருந்துதான் வாங்கும். நேரம் தெரியாத பிளக்குக்கு அட்டவணையே கிடையாது. ஆப்ல "கரண்ட் வந்ததும்" அமைப்பு "பழைய நிலை"ன்னு இருந்தது. 6க்கு எரிஞ்சுக்கிட்டு இருந்ததால 9க்கு மறுபடி எரிஞ்சது, விடியும் வரைக்கும் அணையவே இல்லை. பால் பைத்தான் பாம்பு ராத்திரி முழுக்கத் தண்ணிக் கிண்ணத்துக்குள்ள கிடந்தது.

சூட்டு லைட் உள்ள பிளக்குல அந்த அமைப்பை "ஆஃப்"ல வைங்க. ரூட்டரை யூபிஎஸ்ல போடுறது பாதி மருந்துதான், தெருவுல ஃபைபர் அறுந்தா யூபிஎஸ் என்ன செய்யும்?

ஃபேஸ் நியூட்ரல்

டிஜிட்டல் பேட்டரி சாகாவரம் வாங்கி வரலை, கோவைக்காரரே. உள்ளே இருக்கிறது சின்ன 1.2 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரி. புதுசா வாங்கினதும் 12 மணி நேரம் சாக்கெட்ல ஊறவிட்டு, ரீசெட் துளையை ஊசியால அழுத்தி, அப்புறம்தான் நேரம் வைக்கணும். சில வருஷத்துல அது செத்துடும், கரண்ட் இருக்கிற வரைக்கும் வெளியே தெரியாது. ஆறு மாசத்துக்கு ஒருமுறை டைமரைக் கழட்டி ஒரு நாள் மேசைமேல வைங்க. திரை வெளுத்தா தூக்கிப் போடுங்க.

இன்னொண்ணு. இருட்டுல எல்ஈடி பட்டை மங்கலா நீலமா மினுங்குதுன்னு ஒரு கேஸ். டைமர் ஆஃப்தான். ரெண்டு முள் பிளக் தலைகீழாச் செருகியிருந்ததால டைமர் ஃபேஸுக்குப் பதிலா நியூட்ரலை வெட்டியிருக்கு. டெஸ்டரை வச்சா லைட் ஹோல்டர்ல ஃபேஸ் நிக்குது. பிளக்கைத் திருப்பிச் செருகினதும் மினுங்கல் நின்னது. திருப்பியும் நிக்கலைன்னா அந்த டைமர்ல ரிலே இல்லை, மின்னணுச் சுவிட்ச், கொஞ்சம் கரண்ட் கசியும். ஆன் ஆகும்போது "டிக்"னு சத்தம் வர்றதா பார்த்து மாத்துங்க. எதுவானாலும் டைமர் ஆஃப்ல இருக்குன்னு நம்பி பல்ப் கழட்டாதீங்க, பிளக்கை உருவிட்டுக் கை வைங்க.

நள்ளிரவு ஓணான்

60 ஹெர்ட்ஸ் லட்சத்துல ஒண்ணா? அதே கப்பல்ல வந்த இன்னொரு முள் டைமர் பக்கத்து வீட்டு மீன் தொட்டியில இருக்கு. நாளைக்கு லேபிள் பார்க்கணும்.