பனை ஓலைப் பெட்டி ஏற்றுமதி: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். திருச்செந்தூர் பக்கம் நாங்கள் 12 பெண்கள் பனை ஓலைப் பெட்டி முடைகிறோம். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, சாயம் ஏற்றி முடைந்தால் விரல் நுனியெல்லாம் கீறியிருக்கும். இதுவரை ஒரு தரகர்தான் வாங்கி ஜெர்மனிக்கு அனுப்பினார். எந்த பில்லிலும் எங்கள் பெயர் இருக்காது. அது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது.

இனி நாங்களே அனுப்பப் போகிறோம். 500 ரூபாய் கட்டி ஏற்றுமதி இறக்குமதி எண் வாங்கியாச்சு, என் பெயரிலேயே. அப்புறம்தான் சிக்கல். வங்கியில் "வீட்டுக்காரரைக் கூட்டி வாங்க" என்கிறார்கள். எண் என் பெயரில் இருக்கும்போது அவர் எதற்கு?

சுங்கத்தில் பொருள்களை வகை பிரிக்கும் எண்களில் எங்கள் பெட்டி 4602 தலைப்பில் (முடைந்த பொருள்கள்) வரும் என்கிறார்கள். பனை ஓலைக்கு அதில் எந்த எட்டு இலக்க எண்? பூச்சி வராமல் புகையூட்டிய சான்று கேட்பார்களா? அஞ்சலகத்தின் டாக் கர் நிர்யாத் கேந்திரா (அஞ்சல் வழி ஏற்றுமதி மையம்) வழியாகச் சிறு பார்சல் அனுப்பிய அக்கா, தங்கைகள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். முதல் 40 பெட்டி தயாராக இருக்கிறது.