சொல் தேவை: 'ஹீட் பம்ப்' – நாளை மறுநாள் மாலைக்குள்

மொழிபெயர்ப்பு மேசை எழுதியது (திங்கள், காலை):

அன்புடையீர், வணக்கம்.

வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் கைக்கு அடக்கமான செலவில் எந்த அமைப்பைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்லும் ஒரு கையேடு என் மேசையில் இருக்கிறது. நாற்பது பக்கம். முப்பத்தெட்டு முடிந்துவிட்டது. மீதி இரண்டும் ஒரே சொல்லில் சிக்கி நிற்கின்றன: ஹீட் பம்ப்.

கலைச்சொல் பட்டியல்களில் 'வெப்ப எக்கி', 'வெப்ப விசையியக்கக் குழாய்' என இரண்டு கிடைத்தன. இரண்டாவது அட்டவணையின் கட்டத்துக்குள் நுழைய மறுக்கிறது. முதலாவதை வீட்டில் படித்துக் காட்டினேன். "யார் எக்கினார்கள், எதை எட்டிப் பார்க்க?" என்று கேட்டார்கள்.

வாசகர் பொறியாளர் அல்லர். பழைய சூடாக்கி பழுதாகிவிட்டது, அடுத்து எதை வாங்கினால் கையைக் கடிக்காது என்று பார்ப்பவர். அவருக்குப் புரிகிற சொல்லாக வேண்டும். நாளை மறுநாள் மாலை அனுப்பியாக வேண்டும்.

கம்மியன் எழுதியது:

மேசை அம்மா, சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடுவோம். இருபது ஆண்டுகளாக இவற்றை மாட்டியும் கழற்றியும் வருகிறவன் என்பதால் சொல்கிறேன்.

கம்பிச்சுருள் சூடாக்கி ஒரு பங்கு மின்சாரத்தைத் தின்று ஒரு பங்கு வெப்பம் தரும். நேர்மையான பிறவி, ஆனால் அதற்கு மேல் ஒரு துளியும் தராது. ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதே இல்லை. வெளிக்காற்றில் ஏற்கெனவே இருக்கும் வெப்பத்தை வாரி உள்ளே கொண்டுவருகிறது. மின்சாரம் அந்தச் சுமைகூலிக்குத்தான். அதனால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு, மிதமான பருவத்தில் நான்கு பங்கு வெப்பம்கூடக் கிடைக்கும். வெளியே குளிர் ஏற ஏற இந்தக் கணக்கு இறங்கும். கோடையில் அதே இயந்திரம் திசை மாறி உள்வெப்பத்தை வெளியே தள்ளும். நாம் ஏசி என்று சொல்வதும் ஒரு திசையில் மட்டும் ஓடும் ஹீட் பம்ப்தான்.

அதனால் 'இருதிசை ஏசி' என்று எழுதுங்கள். கடைக்குப் போகிறவருக்கு அந்தக் கணமே புரியும்.

தூயன் எழுதியது:

கம்மியர் ஐயாவின் விளக்கம் அருமை, சொல் அவலம். 'ஏசி' என்பது தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. ஏசுதல் என்றால் திட்டுதல். 'இருதிசை ஏசி' என்றால் இரண்டு பக்கத்து வீட்டாரையும் திட்டித் தீர்த்தவர் என்றுதான் பொருள்படும்.

நான் 'வெப்ப இறைவை' என்பேன். நீர் தானாகப் பள்ளத்துக்கு ஓடும். வெப்பம் தானாகக் குளிர்ந்த இடத்துக்கு ஓடும். இரண்டையும் மேட்டுக்குக் கொண்டுபோக உழைப்பு வேண்டும். ஆங்கிலத்தார் இந்தச் சொல்லை நீரிலிருந்துதான் எடுத்தார்கள். இறைப்பதற்கு நம்மிடம் ஏற்றம், கமலை, துலா, இறைகூடை, இறைவை என்று இத்தனை இருக்க, பம்பு எதற்கு?

ஏட்டுச்சுவடி எழுதியது:

இறைவை அழகுதான். ஆனால் 'இறை' என்ற வேரைச் சற்றுத் தோண்டினால் சங்கடம். இறை என்றால் கடவுள், அரசன், வரி, வீட்டுக் கூரையின் விளிம்பு, மணிக்கட்டு. 'வெப்ப இறை' என்று உரைகாரர் யாராவது பிரித்துவிட்டால் வெப்பத்துக்கு வரி என்றாகிவிடும். சிக்கனம் பேசும் கையேட்டுக்கு அது நற்சகுனம் இல்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சிலப்பதிகாரத்தின் அந்திமாலைக் காதையில் 'வேனிற் பள்ளி', 'கூதிர்ப் பள்ளி' என்று இரண்டு வருகின்றன. வேனிலுக்கு ஒரு படுக்கையிடம், குளிருக்கு ஒரு படுக்கையிடம். பருவம் மாறினால் இயந்திரத்தைத் திருப்பவில்லை, ஆளே இடம் மாறிக்கொண்டார். கூதிர்ப் பள்ளியில் 'குறுங்கண் அடைத்து' என்கிறார் இளங்கோ. குறுங்கண் என்றால் சாளரம். நெடுநல்வாடையிலோ தென்றல் தரும் வேனிற் பள்ளியின் கதவைத் தாழிட்டுவிட்டு, 'பகுவாய்த் தடவில்' நெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறார்கள். 'தடவு' என்றால் கணப்புச் சட்டி. அறைச் சூடாக்கிக்கு அந்தச் சொல்லை மீட்டெடுக்கலாமே?

மொழிபெயர்ப்பு மேசை எழுதியது:

ஐயா, "உங்கள் படுக்கையறைக்கு ஏற்ற தடவைத் தேர்ந்தெடுங்கள்" என்று எழுதினால் தைலம் வாங்கப் போய்விடுவார்கள்.

கம்மியன் எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயா, எனக்கு இலக்கியம் தெரியாது. ஆனால் 'குறுங்கண் அடைத்து' என்பதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். நான் தொண்டை வறளச் சொல்லி வருவது அதைத்தான். சன்னல் இடுக்கு, கதவின் அடி, கூரைப் பொந்து இவற்றை அடைத்து, மேற்கூரைக்கு வெப்பக் காப்புப் போட்ட பிறகு இயந்திரம் வாங்கினால் சிறியதே போதும். ஓட்டை வீட்டுக்குப் பெரிய இயந்திரம் வாங்குவது அடியில்லாத குடத்துக்குப் பெரிய குழாய் வைப்பது மாதிரி.

தடவு பற்றி ஓர் எச்சரிக்கை. மூடிய அறையில் கரிநெருப்பு வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அதற்கும் பெயர் இருக்கிறது: 'சேர்ந்தாரைக் கொல்லி'. வள்ளுவர் நெருப்புக்கு வைத்த பெயர், சினத்தைச் சொல்லும் குறளில். அந்தக் 'கொல்லி'யில் இருக்கும் இகர விகுதிதான் நம் கலைச்சொற்களையெல்லாம் தூக்கி நிறுத்துகிறது: சூடாக்கி, குளிரூட்டி, மின்மாற்றி. செய்பவரையோ செய்கருவியையோ ஒரே எழுத்தில் சுட்டிவிடும் விகுதி வேறு எந்த மொழியில்

மன்னிக்கவும், பாதியில் அனுப்பிவிட்டேன்.

வகுப்பறை எழுதியது (செவ்வாய், பிற்பகல்):

பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் சில சொற்கள். 'வெப்ப ஏற்றம்' என்று யாரேனும் சொல்லிவிடுவீர்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். வேண்டாம். மாணவர்கள் அதை வெப்பநிலை உயர்வு என்றே எழுதுவார்கள். 'வெப்பக் கடத்தி' என்பதற்கும் வேறு பொருள் நிலைத்துவிட்டது.

வகுப்பில் இந்த இயந்திரத்தைச் சொன்னதும் எழும் முதல் கேள்வி, "ஒன்று போட்டு மூன்று எடுத்தால் ஆற்றல் அழிவின்மை விதி என்ன ஆயிற்று?" என்பது. 'சூடாக்கி' என்ற பெயரோடு வந்தால் இந்தக் கேள்விக்கு விடையே இல்லை. மூன்றில் இரண்டு வெளியிலிருந்து இடம் பெயர்ந்து வந்தது என்றால் விடை சொல்லிலேயே கிடைத்துவிடும். ஆகவே 'வெப்பப் பெயர்ப்பி'. பெயர்தல் தன்வினை, பெயர்த்தல் பிறவினை. வெப்பம் தானாக அந்தப் பக்கம் பெயராது, ஒருவர் பெயர்க்க வேண்டும் என்பதையும் வினையே சொல்லிவிடுகிறது.

தூயர் ஐயாவின் நீர் உவமையைப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். கிணறு ஆழமானால் உழைப்பு கூடும். உள்ளே 20 டிகிரி செல்சியஸ், வெளியே 0 என்றால் கொள்கையளவில் உச்சவரம்பு ஒரு பங்கு மின்சாரத்துக்கு 14 பங்குக்கு மேல். நடைமுறையில் மூன்று கிடைத்தாலே மகிழ்ச்சி. வெளியே இன்னும் குளிர்ந்தால் உச்சவரம்பே தாழ்ந்துவிடும். வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் இப்படிச் செய்யலாம் என்று 1852-இலேயே எழுதியவர் வில்லியம் தாம்சன். அப்போது அவர் கெல்வின் பிரபு ஆகியிருக்கவில்லை.

தூயன் எழுதியது:

பெயர்த்தல் என்றால் பாறையைப் பெயர்த்தல், சுவரைப் பெயர்த்தல். வீட்டுக்காரர் மிரண்டுவிடுவார்.

கம்மியன் எழுதியது:

சுவரில் துளை போடத்தான் வேண்டும், ஐயா. முன்கூட்டியே மிரளட்டும்.

மொழிபெயர்ப்பு மேசை எழுதியது:

மொழியைப் பெயர்ப்பவள் என்பதால் எனக்குப் பெயர்ப்பியின் மேல் சற்றுச் சாய்வு உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைத் தீர்ப்பதற்குள் மூன்று முளைத்துவிட்டன.

முப்பத்தொன்பதாம் பக்கத்தில், குளிராக்கும் திசையையும் சூடாக்கும் திசையையும் மாற்றும் வால்வு வருகிறது. வால்வுக்கு 'ஓரதர்' என்று பட்டியலில் இருக்கிறது. ஓர் அதர், அதாவது ஒரு வழி. ஆனால் இந்த வால்வுக்கு நான்கு வழி. 'நான்குவழி ஒருவழி' என்றா எழுதுவது?

இரண்டாவது, 'டன்'. "ஒன்றரை டன் இயந்திரத்தைச் சுவர் தாங்குமா?" என்று மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் குறித்திருக்கிறார்.

மூன்றாவது, தலைப்பு. 'மலிவான' என்பதா, 'சிக்கனமான' என்பதா?

கம்மியன் எழுதியது:

டன் எடை இல்லை. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தின் வீதம் அது. அதுவும் ஆயிரம் கிலோ டன் இல்லை, 2,000 பவுண்டு கொண்ட அமெரிக்க டன். மணிக்கு 12,000 பிடியு (பிரித்தானிய வெப்ப அலகு), ஏறத்தாழ 3.5 கிலோவாட். பனிக்கட்டி வணிகம் போய்விட்டது, அளவு மட்டும் நிற்கிறது. 'குளிர்த்திறன்' என்று எழுதிக் கிலோவாட்டில் கொடுத்துவிடுங்கள்.

அதோடு, பெரிதாக வாங்கினால் நல்லது என்ற எண்ணத்தை எங்காவது உடைத்துவிடுங்கள். அளவுக்கு மீறிய இயந்திரம் சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், பிறகு மறுபடி கிளம்பும். காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரமே இருக்காது. அறை குளிராகவும் கசகசப்பாகவும் கிடக்கும். அடிக்கடி நின்று கிளம்புவதில் அமுக்கியின் (கம்ப்ரசர்) ஆயுளும் போகும்.

மலிவு, சிக்கனம் இரண்டும் ஒன்றல்ல. கம்பிச்சுருள் மலிவு, ஹீட் பம்ப் சிக்கனம். ஆண்டுக்குச் சில நாள்தான் குளிர் என்றால் மலிவே சிக்கனம். மாதக்கணக்கில் ஓடும் என்றால் வாங்கும் விலையைப் பார்க்காமல் ஓட்டும் செலவைப் பாருங்கள். கோடைக்கும் ஓர் இயந்திரம் வாங்கத்தான் போகிறார் என்றால், இரண்டு வேலையும் செய்யும் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. காற்று வறண்ட இடமாக இருந்தால் நீர் ஆவியாகிக் குளிரும் பெட்டியே போதும். ஈரக் காற்றில் அது வெறும் மின்விசிறி, கூடவே புழுக்கம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மலிதல் என்றால் நிறைதல். பொருள் மலிந்தால் விலை குறைந்தது, மலிவு வந்தது. சிக்கனம் 'சிக்கென' என்பதிலிருந்து வந்திருக்கும் என்பது என் ஊகம். 'சிக்கெனப் பிடித்தேன்' என்று மாணிக்கவாசகர் பாடியது இறைவனை, பணப்பையை இல்லை. ஆனாலும் பிடி பிடிதானே.

தூயருக்கு ஒரு சொல். பொருத்தமான பெயர்தான் நிலைக்கும் என்று எண்ண வேண்டாம். 'ஏர் கண்டிஷனிங்' என்ற ஆங்கிலத் தொடரே வீட்டுக் குளிர்ச்சிக்காகப் பிறந்ததில்லை. 1906-இல் ஸ்டூவர்ட் கிராமர் என்பவர் நூற்பாலைக் காற்றில் ஈரம் சேர்க்கும் வேலைக்கு வைத்த பெயர் அது. அதற்கு நான்கு ஆண்டு முன்பு வில்லிஸ் கேரியர் வடிவமைத்ததும் அச்சகத்துத் தாளின் ஈரச் சிக்கலைத் தீர்க்கத்தான். பெயர் ஆலையில் பிறந்தது, படுக்கையறையில் வாழ்கிறது. எது புழங்குகிறதோ அது சொல்.

தூயன் எழுதியது:

அந்த வாதத்தை நீட்டினால் நமக்கு வேலையே இல்லை. எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுத் தூங்கலாம். புரியாது, புரியாது என்கிறீர்கள். 'மின்சாரம்' முதல் நாளே புரிந்ததா? பழகியது, புரிந்தது. பழகவிடாமல் வாசலிலேயே மறித்துவிட்டுப் புரியவில்லை என்பது என்ன நியாயம்?

வகுப்பறை எழுதியது:

நியாயம்தான், ஐயா. ஆனால் வாசகர் பழகும்வரை கையேடு காத்திருக்காது. அவர் அதை ஒருமுறைதான் படிப்பார்.

கம்மியன் எழுதியது (புதன், காலை):

இன்று காலை ஒரு வீட்டில் சோதித்துப் பார்த்தேன். "வெப்பப் பெயர்ப்பி மாட்டலாம்" என்றேன். "எங்கிருந்து எங்கே பெயர்க்கும்?" என்று கேட்டார். இருபது ஆண்டில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, ஹீட் பம்பும் உங்களிடம் கிடைக்குமா?" என்றார்.

மொழிபெயர்ப்பு மேசை எழுதியது:

நேரமாகிவிட்டது. எண்ணிப் பார்த்தேன். எழுதியவர்களில் பெயர்ப்பிக்கு மூவர் (என்னையும் சேர்த்து), இறைவைக்கு ஒருவர். கம்மியர் ஐயா ஏசிக்கும் பெயர்ப்பிக்கும் கை தூக்கியிருக்கிறார்; பெயர்ப்பிக் கணக்கில் வைத்துக்கொண்டேன். ஏட்டுச்சுவடி ஐயா எதற்கும் தூக்கவில்லை.

முதல் இடத்தில் 'ஹீட் பம்ப் எனப்படும் வெப்பப் பெயர்ப்பி', பிறகு எங்கும் 'வெப்பப் பெயர்ப்பி'. அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்குகிறது, ஒற்றும் விடுபடவில்லை. தலைப்பில் 'சிக்கனமான'. டன் போய்விட்டது. சன்னல் இடுக்கு அடைப்பது மூன்றாம் பக்கத்தில் ஏற்கெனவே இருந்தது, பெட்டிச் செய்தியாக மேலே ஏற்றியிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

தூயன் எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். என் எழுத்தில் இறைவைதான்.

முப்பத்தொன்பதாம் பக்கத்தில் ஓரதரை என்ன செய்தீர்கள்?

மொழிபெயர்ப்பு மேசை எழுதியது:

'வால்வு' என்று போட்டுவிட்டேன், ஐயா. மாலை ஐந்தரை மணி.

ஏட்டுச்சுவடி எழுதியது (வியாழன், அதிகாலை):

ஓரதர் பற்றி: அதர் என்பது வழி மட்டும் இல்லை, நுண்மணலுக்கும் அந்தப் பெயர் உண்டு. இது தனி இழையாகத் தொடங்க வேண்டிய பொருள். தொடங்குகிறேன்.