சிறிமாவோவ எந்தக் கணக்குல வைக்கிறது?

கோத்தகிரிப் பனி:
எங்க தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல இருந்து எழுபதுகள்ல தலைமன்னார்ல கப்பல் ஏறி மண்டபம் அகதி கேம்ப் வழியா இங்க வந்தவரு, டேன்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லயன்லதான், அதான் தொழிலாளிங்க வீட்டு வரிசைலதான், எங்கப்பா வளந்தாரு. இலங்கைப் பிரதமரா இருந்த சிறிமாவோ பண்டாரநாயக்க பேர எடுத்தாலே தாத்தா "நம்மள வெரட்டுனவ"ன்னு ஆரம்பிச்சிடுவாரு. காலேஜ்ல பேச்சுப்போட்டிக்கு "உலகின் முதல் பெண் பிரதமர்"னு தலைப்பு குடுத்திருக்காங்க. 1960ல பிரதமர், 1976ல கொழும்புல அணிசேரா நாடுகள் மாநாடு, எல்லாம் கெத்தாத்தான் இருக்கு ஆனா வீட்ல பேசிப் பாத்தா தாத்தா கைத்தடிய எடுப்பாரு. என்னதான் பேச?

கூடலூரான்:
கோவம் சரிதான் தம்பி, ஆள்தான் கொஞ்சம் மாறிப்போச்சு. தோட்டத் தமிழருங்க குடியுரிமைய பறிச்சது 1948ல இலங்கையோட மொத பிரதமர் சேனநாயக்க ஆட்சி, அந்தம்மா அப்ப அரசியல்லயே கெடையாது. இவங்க பண்ணது 1964 அக்டோபர்ல நம்ம சாஸ்திரியோட உக்காந்து தலை எண்ணுனது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கயே, மிச்சம் 1,50,000 பேர அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டு 1974ல இந்திராகூட பாதிப் பாதி பிரிச்சாங்க. தோட்டத்துல யாரையாவது கேட்டாங்களா? கையெழுத்து ரெண்டு நாட்டோடது, திட்டு மட்டும் ஒருத்தருக்கு.

பந்தலூர் அக்கா:
எங்க அம்மாயி ஒப்பந்தத்தப் பத்திப் பேசவே பேசாது, அதுக்கு 73, 74 பஞ்சம்தான் ஞாபகம். அரிசி இல்ல மாவு இல்ல, மரவள்ளிக்கெழங்கும் காட்டுக்கீரையும்தான், தோட்டத்துல பட்டினியாலயே செத்தாங்க. அப்ப எண்ணெய் வெல ஏறி உலகமே தடுமாறுச்சுதான், ஒத்துக்குறேன், ஆனா மொத அடி ஏன் எப்பவும் லயத்துலயே (லயன் வீடுங்கள்லயே) விழுது? 1975ல வெள்ளக்காரன் கம்பெனி தோட்டத்த அரசுடமை ஆக்குனத சாதனைன்னு எழுதுறாங்கல்ல, அந்த நெலச் சீர்திருத்த சமயத்துல லயத்த விட்டே தொரத்துனதுல வடக்க வவுனியா பக்கம் போய்ச் சேந்த குடும்பம் எத்தன இருக்கு தெரியுமா.

குன்னூர் டீத்தூள்:
சிங்களவங்களுக்கும் முழு நல்லது நடக்கல. 1971ல ஜேவிபிங்கிற இடதுசாரிக் கட்சியோட கிளர்ச்சிய இவங்க ஆட்சி அடக்குனதுல ஆயிரக்கணக்குல பசங்க செத்தாங்க. 1980ல அடுத்து வந்த ஜெயவர்த்தனா ஆட்சி இந்தம்மாவோட ஓட்டுரிமையவே 7 வருசத்துக்குப் பிடுங்கிருச்சு. தாத்தாகிட்ட இத மட்டும் சொல்லுங்க, அன்னிக்கு தடிய எடுக்க மாட்டாரு.

கோத்தகிரிப் பனி:
சொன்னேன், சிரிச்சாரு. சேனநாயக்க விசயத்தையும் சொன்னேன். "அந்தாளு காலத்துல நான் அரைக்கால் டவுசரு, கப்பல்ல ஏறும்போது அங்க நாற்காலில இருந்தது இவதானே"ன்னுட்டு கடைக்குப் போயிட்டாரு. நாளைக்கு மிஸ்கிட்ட வேற தலைப்பு கேக்கலாம்னு இருக்கேன்.